ஓடிபி பார்க்கப் போய்த் திரும்பினால் படிவம் இல்லை

"உங்க போன் பழசுங்க." "உங்க ஊர்ல டவர் சரியில்லைங்க." ஓர் இணையதளம் வேலை செய்யவில்லை என்று தர்மபுரி மாவட்டத்துப் பென்னாகரத்திலிருந்தோ கிருஷ்ணகிரி மாவட்டத்து அஞ்செட்டியிலிருந்தோ யாராவது சொன்னால், அதைக் கட்டிய தரப்பிலிருந்து பெரும்பாலும் இந்த இரண்டில் ஒரு பதில்தான் வரும். இணையதளம் கட்டுவதே தொழிலாக இருந்தும் இந்தப் பதில்களை என்னால் ஏற்க முடிந்ததே இல்லை. அதே போனில், அதே டவரில் அவர் யூடியூப் பார்க்கிறார். ராயக்கோட்டை மண்டியில் தக்காளி என்ன விலை போகிறது என்று வாட்ஸ்அப்பில் கேட்டுக்கொள்கிறார். டீக்கடையில் யூபிஐயில் பணம் கொடுக்கிறார். இருபது பெட்டிகள் உள்ள ஒரு விண்ணப்பப் படிவம் மட்டும் அந்தப் போனில் ஓடவில்லை என்றால் குறை படிவத்தில்தான் இருக்க வேண்டும். அந்தக் குறை எங்கே இருக்கிறது, எப்படி உள்ளே வருகிறது, ஏன் யாரும் அதை வெளியே எடுப்பதில்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அடிக்கடி கேட்கிற புகார் இது. பெயர், முகவரி, சர்வே எண், வங்கிக் கணக்கு எல்லாம் நிரப்பியாகிவிட்டது. போன் எண்ணைக் கொடுத்ததும் ஓடிபி வருகிறது. மெசேஜ் செயலியைத் திறந்து ஆறு எண்களை மனதில் வாங்கிக்கொண்டு திரும்பினால், பக்கம் வெள்ளையாகி முதலிலிருந்து லோடாகிறது. நிரப்பியது ஒன்றும் இல்லை. மறுபடி நிரப்பினாலும் அதே கதை. கடைசியில் அந்த மனிதர் மறுநாள் பஸ் ஏறி பாலக்கோட்டிலோ தேன்கனிக்கோட்டையிலோ இ-சேவை மையத்தில் வரிசையில் நிற்கிறார். அரைநாள் வேலை போய்விடுகிறது. நிறுவனத்தின் கணக்கில் இது எங்கேயும் பிழையாகப் பதிவதில்லை. எர்ரர் எதுவும் வரவில்லை, சர்வர் விழவில்லை, லாக் சுத்தமாக இருக்கிறது.

அந்தப் பக்கத்தைக் கொன்றது யார்

3 ஜிபி, 4 ஜிபி ரேம் உள்ள போனில் ஆண்ட்ராய்டும் அதோடு எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் சேவைகளும் பெரும்பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில்தான் மற்றதெல்லாம் ஓட வேண்டும். இடம் போதாதபோது, பின்னணிக்குப் போன செயலிகளில் ஒன்றை ஆண்ட்ராய்டே நிறுத்திவிடும். இதற்கென்றே அதனுள் லோ மெமரி கில்லர் என்ற பகுதி இருக்கிறது. நீங்கள் மெசேஜ் செயலிக்குப் போன நொடியில் உங்கள் குரோம் டேப் பின்னணிக்குப் போய்விட்டது. அதிக நினைவகத்தைப் பிடித்துக்கொண்டிருந்தால் முதலில் போகும் வாய்ப்பு அதற்கு அதிகம். திரும்பி வரும்போது குரோம் அந்த முகவரியை மீண்டும் கேட்டு வாங்குகிறது. படிவத்தில் எழுதியதெல்லாம் ஜாவாஸ்கிரிப்ட் (பக்கத்துக்குள் ஓடும் நிரல்) மாறிகளில், அதாவது ரேமில் மட்டும் இருந்ததென்றால் அவை போனவைதான். வெறும் எச்டிஎம்எல் படிவமாக இருந்தால் உலாவியே பல நேரம் எழுதியதை மீட்டுத் தரும். நவீனமாகக் கட்டிய படிவத்தில்தான் அந்த வசதி போய்விடுகிறது.

ஓடிபியைவிடப் பெரிய ஆபத்து கேமரா. "புகைப்படம் எடுக்கவும்" என்ற பொத்தானை அழுத்தினால் கேமரா செயலி திறக்கும். போனில் இருக்கும் செயலிகளிலேயே அதிக நினைவகம் கேட்பவற்றில் அது ஒன்று. படம் எடுத்து டிக் குறியைத் தொட்டுத் திரும்பும்போது படிவம் காணாமல் போவது இங்கேதான் மிக அதிகம். தப்பித்து வந்தாலும் அடுத்த அடி காத்திருக்கிறது. 12 மெகாபிக்சல் படம் என்றால் 4000க்கு 3000 புள்ளிகள். கோப்பாக அது 3, 4 எம்பிதான். திரையில் காட்ட அதை விரித்தாக வேண்டும், ஒரு புள்ளிக்கு 4 பைட் வீதம் 48 எம்பி ரேம் ஆகிறது. ஆதார், பட்டா, பாஸ்புக் என்று மூன்று படங்களுக்கு முன்னோட்டம் காட்டும் பக்கம் அதற்கு மட்டுமே 140 எம்பிக்கு மேல் கேட்கிறது. திரையில் அந்த முன்னோட்டம் கட்டைவிரல் அளவுதான்.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை, பழைய முறையே போதும். ஒரே பக்கத்தில் எல்லாவற்றையும் கேட்காமல் படிவத்தை மூன்று நான்கு பக்கங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொன்றும் தனி முகவரி உள்ள உண்மையான பக்கமாக இருக்கட்டும். "அடுத்து" என்று அழுத்தியதும் அந்தப் பக்கத்தின் விவரம் சர்வருக்குப் போய் வரைவாகச் சேமிக்கப்பட வேண்டும். வரைவின் எண்ணை முகவரியில் வையுங்கள், ஆனால் எண்ணைத் தெரிந்தவர் எவரும் திறந்துவிடாதபடி உலாவியில் நாம் வைக்கும் அடையாளச் சீட்டான குக்கியோடு சேர்த்துச் சரிபாருங்கள். டேப் செத்தாலும் திரும்பி வருபவர் விட்ட இடத்திலேயே நிற்பார். ஒரு பக்கத்துக்குள்ளேயே எழுதிக்கொண்டிருப்பதைக் காக்க, பக்கம் மறையும்போது வரும் விசிபிலிட்டி சேஞ்ச் நிகழ்வில் சேமியுங்கள். பலரும் பக்கத்தை மூடும்போது வரும் அன்லோடு, பிஃபோர் அன்லோடு நிகழ்வுகளில் சேமிக்கிறார்கள். மொபைலில் அவை வரும் என்று நம்பவே முடியாது. ஆண்ட்ராய்டு ஒரு செயலியைக் கொல்லும்போது விடைபெற நேரம் தருவதில்லை.

போனிலேயே தகவலைச் சேமிக்கும் உலாவியின் லோக்கல் ஸ்டோரேஜில் வைத்துவிடலாமே என்று தோன்றும். பெயர், ஊர் போன்றவற்றை வைக்கலாம். ஆதார் எண்ணையும் வங்கிக் கணக்கையும் அங்கே வைக்கவே கூடாது. இந்த ஊர்களில் ஒரே போனை வீட்டில் மூன்று பேர் பயன்படுத்துவது சாதாரணம். அதே படிவத்தை பிரவுசிங் சென்டர் கணினியிலும் நிரப்புவார்கள். அங்கே அடுத்து உட்காருபவருக்கு முந்தையவரின் கணக்கு எண் தெரிந்தால் அதற்குப் பொறுப்பு நம்முடையது.

புகைப்படத்துக்குத் தனிப் பக்கம் கொடுங்கள், அதுவும் கடைசியில். எடுத்த படத்தை உலாவியிலேயே நீள்பக்கம் 1600 புள்ளிக்குச் சுருக்கி, 0.8 தரத்தில் ஜேபெக்காக மாற்றி உடனே அனுப்பிவிடுங்கள். பட்டாவில் உள்ள எழுத்து அந்த அளவில் பொதுவாகத் தெளிவாகவே படிக்க வரும். கோப்பு சில நூறு கேபிக்கு வந்துவிடும். அனுப்பியதும் பெரிய படத்தின் பிடியை விட்டுவிட வேண்டும், இல்லாவிட்டால் சுருக்கியும் பயனில்லை.

செய்தியின் முதல் சொல்லே அந்த எண்ணாக இருக்கட்டும்

ஓடிபி பார்க்க ஒருவர் ஏன் பக்கத்தை விட்டே போகிறார்? அறிவிப்பில் எண் தெரியவில்லை என்பதால்தான். "அன்புள்ள வாடிக்கையாளரே, தங்களுடைய பதிவினைச் சரிபார்ப்பதற்கான..." என்று ஆரம்பித்தால், திரையின் மேலே எட்டிப்பார்க்கும் அறிவிப்பில் இடம் அதோடு தீர்ந்துவிடும். எண்ணை முதலில் வைத்து "482913 உங்கள் ஓடிபி" என்று தொடங்கினால் செயலியைத் திறக்கவே வேண்டாம். குறுஞ்செய்தி வார்ப்புருவை, நிறுவனங்கள் முன்கூட்டியே ஒப்புதல் வாங்க வேண்டிய டிஎல்டி தளத்தில் பதிவு செய்யும்போதே இதைச் செய்துவிட வேண்டும். பதிவான பிறகு ஒரு சொல்லை மாற்ற நினைத்தாலும் மறுபடி ஒப்புதலுக்குப் போக வேண்டியிருக்கும்.

தமிழில் ஓடிபி அனுப்பினால் செலவு கூடும் என்று சொல்லி ஆங்கிலத்திலேயே அனுப்புகிறார்கள். கணக்கு உண்மைதான். ஆங்கிலச் செய்தி ஒன்றில் 160 எழுத்து போகும். யூனிகோடில் அனுப்பினால் 70தான், அதைத் தாண்டி இரண்டாகப் பிரிந்தால் ஒன்றுக்கு 67. "கி" என்பது நமக்கு ஓர் எழுத்து, கணினிக்கு இரண்டு. அப்படியிருந்தும் எண், நிறுவனத்தின் பெயர், "யாரிடமும் சொல்லாதீர்கள்" என்ற மூன்றும் 70க்குள் அடங்கும். மரியாதை வாசகங்களை எடுத்துவிட்டாலே போதும்.

வந்த எண்ணை உலாவியே நிரப்ப முன்வரும்படி, ஓடிபி பெட்டிக்கு ஆட்டோகம்ப்ளீட் பண்பில் "ஒன் டைம் கோடு" என்ற மதிப்பைக் கொடுங்கள், எண் விசைப்பலகை திறக்க இன்புட்மோடில் நியூமெரிக் கொடுங்கள். ஒரே பெட்டியாக வையுங்கள். ஆறு எண்ணுக்கு ஆறு குட்டிப் பெட்டிகள் வைப்பது டிசைன் படத்தில் அழகாக இருக்கும். ஒட்டினால் முதல் பெட்டியில் ஓர் எண் மட்டும் விழும், அழித்தால் கர்சர் எங்கோ போகும். அடுத்தது காலாவதி நேரம். மலைப் பகுதியில் குறுஞ்செய்தி சில நிமிடம் தாமதித்து வருவது வழக்கம். 2 நிமிடத்தில் காலாவதி வைத்தால் அவருக்கு அது செத்த எண்ணாகத்தான் வந்து சேரும். 10 நிமிடம் கொடுத்து, தவறான முயற்சிகளை ஐந்தோடு நிறுத்தினால் பாதுகாப்பு குறையாது. மறுபடி அனுப்பச் சொன்னால், காலாவதிக்குள் இருக்கும் வரை அதே எண்ணையே திரும்ப அனுப்புங்கள். புது எண் அனுப்பிப் பழையதை ரத்து செய்தால், தாமதமாக வந்த முதல் செய்தியைப் பார்த்து எழுதுபவருக்கு "தவறான ஓடிபி" என்று வரும். அவர் செய்த தவறு ஒன்றுமில்லை.

எடை எங்கிருந்து வருகிறது

டேப் ஏன் முதலில் கொல்லப்படுகிறது என்பதற்குப் போவோம். அது கனமாக இருப்பதால். படிவத்தில் உள்ள தமிழ் உரை எவ்வளவு இருக்கும்? யூடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீடும் 3 பைட். மூவாயிரம் குறியீடு என்றால் 9 கேபி, ஜிஜிப்பில் சுருக்கினால் இன்னும் நன்றாகக் குறையும். அதோடு எச்டிஎம்எல், கொஞ்சம் சிஎஸ்எஸ். எல்லாம் சேர்ந்து 14 கேபிக்குள் அடக்க முடியும். அந்த எண்ணுக்குக் காரணம் உண்டு. போனுக்கும் சர்வருக்கும் இடையே புதிதாகத் திறக்கும் டிசிபி இணைப்பில் சர்வர் முதல் தடவையில் பத்து பாக்கெட் (தகவல் துண்டு) அனுப்பலாம், ஒன்று சுமார் 1460 பைட். அதற்குள் இருந்தால் பக்கம் முழுவதும் ஒரே சுற்றில் வந்து சேர்ந்துவிடும்.

நடப்பில் என்ன செய்கிறோம்? திரையைக் கட்ட உதவும் ரியாக்ட் என்ற நிரல் தொகுப்பும் அதன் டாம் பகுதியும் சுருக்கிய பின்னும் சில பத்து கேபி. அதன் மேல் பொத்தான், பெட்டி போன்ற ஆயத்தப் பகுதிகள் கொண்ட ஒரு காம்பொனென்ட் தொகுப்பு, தேதி காட்ட ஒன்று, ஐகான்களுக்கு ஒன்று. பிறகு மார்க்கெட்டிங் பிரிவு டேக் மேனேஜர் வழியாகச் செருகும் கண்காணிப்பு நிரல்கள், உரையாடல் பெட்டி. ஒவ்வொன்றும் வேறு வேறு டொமைனிலிருந்து வருவதால் ஒவ்வொன்றுக்கும் முகவரி தேட டிஎன்எஸ், இணைப்புத் திறக்க டிசிபி, மறையாக்க டிஎல்எஸ் என்று தனித்தனி சுற்று. ரியாக்ட் மோசமானது என்பது என் கருத்தல்ல. 2013இல் ஃபேஸ்புக் அதை வெளியிட்டபோது இருந்த பிரச்சினைக்கு, அதாவது ஒரே திரையில் பல பகுதிகள் இடைவிடாமல் மாறிக்கொண்டிருக்கும் செயலிக்கு, அது நல்ல விடை. பெயரையும் முகவரியையும் கேட்டு அனுப்பும் படிவத்தில் அந்தப் பிரச்சினையே இல்லை.

இந்த எடை இறங்கும் வேகத்தைப் பற்றியதாகவே பலரும் நினைக்கிறார்கள். 4ஜி, 5ஜி வந்துவிட்டதே என்பார்கள். ஒரு மலிவு போனை யூஎஸ்பியில் மடிக்கணினியோடு இணைத்து, குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கம் வழியாக அந்தப் போனில் ஓடும் டேப்பின் பெர்ஃபார்மன்ஸ் பதிவை ஒரு தடவை எடுத்துப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். போனின் அமைப்புகளில் பில்டு எண்ணை ஏழு முறை தொட்டால் டெவலப்பர் ஆப்ஷன்ஸ் திறக்கும், அதில் யூஎஸ்பி டீபக்கிங் இயக்க வேண்டும், அவ்வளவுதான். பதிவில் நெட்வொர்க் வரிசை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. அதன் பிறகு, பக்கத்தின் வேலைகள் வரிசையாக நடக்கும் மெயின் திரெட்டில் மஞ்சள் பட்டை நீண்டுகொண்டே போகிறது. மஞ்சள் என்றால் ஜாவாஸ்கிரிப்ட். சுருக்கி அனுப்பிய 300 கேபி, விரித்தால் ஏறக்குறைய ஒரு எம்பி நிரல். அதைப் படித்து, தொகுத்து, ஓட்டுவது அந்தப் போனின் சிறு புராசசர். 50 மில்லிவினாடிக்கு மேல் போகும் ஒவ்வொரு வேலையையும் கருவி சிவப்பு முக்கோணத்தால் காட்டும். திரை முழுக்கச் சிவப்பாக இருக்கும். அந்த நேரம் முழுவதும் பொத்தான் கண்ணுக்குத் தெரியும், தொட்டால் அசையாது. ஆள் மறுபடி மறுபடி தொடுவார். நிரல் விழித்ததும் விண்ணப்பம் இரண்டு தடவை போய்ச் சேரும். அதைத் தடுக்க ஒவ்வொரு படிவத்துக்கும் ஓர் எண் கொடுத்து, அதே எண் இரண்டாம் தடவை வந்தால் சர்வர் பழைய பதிலையே தரும்படி செய்ய வேண்டும்.

இந்தப் பதிவுதான் விவாதத்தை முடித்து வைக்கிறது. டவரைக் குறை சொல்ல அதில் இடமே இல்லை. போனைக் குறை சொல்லலாம்தான், ஆனால் அந்தப் போனுக்கு அந்த வேலையைக் கொடுத்தது நாம்.

மடிக்கணினியில் லைட்ஹவுஸ் என்ற கூகுளின் சோதனைக் கருவியை ஓட்டி நல்ல மதிப்பெண் வந்துவிட்டது என்று திருப்தியடைவதும் இதே வகைத் தவறு. அதன் மொபைல் சோதனை புராசசரை 4 மடங்கு மெதுவாக்கும், நெட்வொர்க்கை 1.6 எம்பிபிஎஸ் வேகம், 150 மில்லிவினாடி தாமதம் என்று வைக்கும். விலையுயர்ந்த மேக்புக்கை 4 மடங்கு மெதுவாக்கினாலும் அது எட்டாயிரம் ரூபாய் போனைவிட வேகமாகத்தான் இருக்கும். ரேம் தீர்ந்து டேப் சாவதை அந்தச் சோதனை காட்டவே காட்டாது.

எழுத்துருவைப் பற்றியும் ஒரு சொல். தமிழ் எழுத்துருவை இணையத்திலிருந்து இறக்கும் வழக்கம் பெரும்பாலான படிவங்களுக்குத் தேவையில்லாதது. ஆண்ட்ராய்டில் நோட்டோ சான்ஸ் தமிழ் ஏற்கெனவே இருக்கிறது, விண்டோஸில் நிர்மலா இருக்கிறது. வரி உயரத்தை மட்டும் 1.6 அளவில் வையுங்கள். ஆங்கிலத்துக்காக 1.2 வைத்த பெட்டியில் "கீ", "கூ" தலையும் காலும் வெட்டுப்பட்டு நிற்கும்.

இந்த ஊர் மனிதர்களின் பெயரும் முகவரியும்

எடை குறைந்தாலும் படிவம் ஆளை வெளியே தள்ளும் இடங்கள் இன்னும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, இனிஷியல்தான். "கடைசிப் பெயர்" கட்டாயம், குறைந்தது மூன்று எழுத்து என்று விதி வைத்தால் ஓர் எழுத்து இனிஷியல் உள்ளவர் எதையாவது இட்டு நிரப்புகிறார். பிறகு ஆதாரோடு பெயர் ஒத்துப்போகவில்லை என்று விண்ணப்பம் திரும்புகிறது. முழுப் பெயருக்கு ஒரே பெட்டி வைத்தால் இந்தச் சிக்கலே வராது.

பின்கோடின் முதல் மூன்று எண்ணை வைத்து மாவட்டத்தைத் தானாக நிரப்பும் படிவங்கள் இருக்கின்றன. கிருஷ்ணகிரி 635001, ஓசூர் 635109. அதே 635இல் திருப்பத்தூரும் வாணியம்பாடியும் வருகின்றன. பாலக்கோடு 636808, பென்னாகரம் 636810, சேலமும் 636தான். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதற்கு முந்தைய பட்டியலை எங்கிருந்தோ எடுத்துப் போட்டால் ஓசூர்க்காரர் தன் மாவட்டத்தைத் தேடித் தேடிக் கடைசியில் தர்மபுரி என்று கொடுக்க வேண்டியிருக்கும். மாவட்டத்தை யூகித்துக் காட்டலாம், மாற்றவும் இடம் தர வேண்டும். ஐபி முகவரியை வைத்து மொழியை முடிவு செய்வதும் இங்கே உதவாது. மொபைல் ஐபி பல நேரம் வேறு நகரத்தைக் காட்டும். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் ஒரே தெருவில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் பேசுகிறார்கள். உலாவி அனுப்பும் மொழி விருப்பத்தைப் பாருங்கள். மொழி மாற்றும் இணைப்பை மூன்று கோட்டு மெனுவுக்குள் ஒளிக்காமல் மேலேயே வையுங்கள்.

யாருடைய வேலை இது

இவற்றில் ஒன்றும் ரகசியம் இல்லை. பெங்களூரு நிறுவனங்களில் வேலை செய்யும் பலர் தர்மபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்துப் பிள்ளைகள். பர்கூரிலும் செட்டிக்கரையிலும் அரசுப் பொறியியல் கல்லூரியில் படித்தவர்கள் இருக்கிறார்கள். ஓசூரில் வீடு எடுத்து அத்திப்பள்ளி தாண்டி தினமும் எலக்ட்ரானிக் சிட்டி போய் வருபவர்கள் இருக்கிறார்கள். ஊரில் அப்பா அம்மா கையில் எந்தப் போன் இருக்கிறது என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் படிவம் இப்படித்தான் வெளியே வருகிறது. திறமைக் குறைவால் அல்ல, வேலை பிரிக்கப்படும் விதத்தால்.

ஒவ்வொரு சேர்ப்புக்கும் கேட்பவர் ஒருவர் இருக்கிறார். உரையாடல் பெட்டியை வாடிக்கையாளர் சேவைப் பிரிவு கேட்கிறது, கண்காணிப்பு நிரலை மார்க்கெட்டிங் கேட்கிறது, அசையும் பேனரை மேலாளர் கேட்கிறார். ஒவ்வொன்றுக்கும் ஒரு டிக்கெட் (வேலைச் சீட்டு), ஸ்பிரின்ட் என்னும் வேலைச் சுற்றில் ஓர் இடம், ஆண்டு முடிவு அப்ரைசலில் ஒரு வரி. "40 கேபி எடுத்தேன்" என்பதற்கு டிக்கெட் போடுபவர் யாரும் இல்லை. வேலைக்கு ஆள் எடுக்கும்போதும் ஃபிரேம்வொர்க்கின் பெயரைத்தான் கேட்கிறார்கள். அதனால் எச்டிஎம்எல்லின் ஃபார்ம் டேக் தானாகவே என்னென்ன செய்யும் என்று அறியும் முன்பே புதியவர் ரியாக்ட் கற்றுவிடுகிறார். கற்பவர் மேல் எனக்குக் குறை இல்லை. அவருக்கு வேலை வேண்டும், கட்டணப் பயிற்சிக்குக் கடன் வாங்கியிருப்பார். அளவுகோலை வைத்திருப்பவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

"நம்ம யூசர்ஸ் எல்லாம் நல்ல போன்தான் வச்சிருக்காங்க, டாஷ்போர்டு பாருங்க" என்ற வாதம் எல்லாவற்றையும்விட அபாயமானது. பார்வையாளர் கணக்கைக் காட்டும் அந்த டாஷ்போர்டை நிரப்புவது ஜாவாஸ்கிரிப்ட். அது லோடாவதற்கு முன்பே விட்டுப் போனவர் அங்கே ஒரு எண்ணாகக்கூட இல்லை. உண்மை, வந்த கோரிக்கைகளைச் சர்வர் தானே பதியும் ஆக்சஸ் லாகில் இருக்கிறது. முதல் பக்கம் எத்தனை தடவை கேட்கப்பட்டது, ஒவ்வொரு படியிலும் எத்தனை போஸ்ட் (விவரம் அனுப்பும் கோரிக்கை) வந்தது என்று எண்ணி டாஷ்போர்டோடு ஒப்பிடுங்கள். தேடுபொறி பாட்களைக் கழித்த பின்னும் நிற்கும் இடைவெளிதான் நாம் பஸ் ஏற வைத்த மனிதர்கள்.

அணியை மாற்ற முடியாதவர்கள்கூட இரண்டு காரியம் செய்யலாம். நிரலை வெளியிடத் தொகுக்கும் பில்டில் ஒரு வரம்பு வையுங்கள்: படிவப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்ட் சுருக்கிய பின் 100 கேபியைத் தாண்டினால் பில்டு தோற்க வேண்டும். அப்போது ஏற்றுபவர் எதை இறக்குவது என்று பேசியே ஆக வேண்டும். அலுவலகத்தில் ஒரு மலிவு போனை வாங்கி, அதில் ஃபேஸ்புக், இரண்டு யூபிஐ செயலி, நிறைந்து வழியும் வாட்ஸ்அப் எல்லாம் போட்டு வையுங்கள். காலியான புதுப் போனில் சோதிப்பது சோதனையே இல்லை. கணினியில் என்றால் குரோமின் டிஸ்கார்ட்ஸ் பக்கத்தில் டேப்பை வேண்டுமென்றே நிறுத்திப் பார்க்கலாம்.

கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஆலை வைத்திருப்பவரோ ஓசூரில் ரோஜா நாற்றுப் பண்ணை வைத்திருப்பவரோ இணையதளம் கட்டக் காசு கொடுக்கிறார் என்றால், கடைசித் தவணைக்கு முன் ஒன்று செய்யச் சொல்வேன். தன்னிடம் வேலை செய்பவர்களில் மிகப் பழைய போன் வைத்திருப்பவரைக் கூப்பிடட்டும். ஆர்டர் படிவத்தைப் பாதி நிரப்பச் சொல்லட்டும். நடுவில் கேமராவைத் திறந்து நான்கு படம் எடுத்து, யூடியூப்பில் ஒரு வீடியோ பார்த்துவிட்டு, படிவத்துக்குத் திரும்பச் சொல்லட்டும். எழுதியது இல்லை என்றால் பணத்தைக் கொடுக்க வேண்டாம். இந்தச் சோதனையை வேலை தொடங்கும் முன்பே கொட்டேஷனில் ஒரு வரியாக எழுதி, இரு தரப்பும் கையெழுத்துப் போட்டுக்கொள்வது நல்லது.